பொதுகே முதல் புதுச்சேரி வரை: பெயர், எண், பதிவேடு

புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு அமைந்துள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை ழான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கு அகழாய்வு நடத்தினர். இத்தாலியில் வனையப்பட்ட கலங்களின் மீது குயவர் பெயர் முத்திரைகளும், உள்ளூர்ப் பானையோடுகளின் மீது தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்ட பெயர்களும் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடற்பயண நூல் குறிப்பிடும் ‘பொதுகே’ என்னும் துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் அப்பெயரைத் தம் நூலில் பதிந்தார். அதன் தமிழ் மூலம் யாது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஓர் ஊரின் பெயர் பிறர் பதிவேட்டில், பிறர் எழுத்தில் மட்டும் எஞ்சும்போது நேரும் நிலை இது.

பிரெஞ்சுக்காரர் வந்தபின் ‘பொந்திஷேரி’ என்றும், ஆங்கில வழக்கில் ‘பாண்டிச்சேரி’ என்றும் இவ்வூர் எழுதப்பட்டது. தமிழ்ப் பெயரில் இல்லாத ஒரு மெல்லொலி அவ்வடிவங்களின் நடுவே நிலைபெற்றுவிட்டது. 1954இல் ஆட்சி கைமாறியும் அரசு ஆவணங்களில் அப்பெயர் மாறவில்லை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியே 2006 அக்டோபர் 1 முதல்தான் ‘புதுச்சேரி’ என்பது அதிகாரப்பூர்வப் பெயராயிற்று. ஆக, பெயர் என்பது வழக்காறு மட்டுமன்று. அதைப் பதிவேட்டில் எழுதும் உரிமை யாரிடம் உள்ளது என்பதையும் பொறுத்தது. நம் காலத்தில் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் பதிவேடு ஒன்று உண்டு. அதுவே இணையத்தின் களப்பெயர் முறைமை. டொமைன் பெயர் என வழங்குவது.

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. மனிதரோ பெயர்களையே நினைவில் கொள்கின்றனர். பெயரைத் தந்தால் அதற்குரிய எண்ணைத் தேடித் தருவதே களப்பெயர் முறைமையின் பணி. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பில் சில நூறு கணினிகளே இருந்தன. அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழுவினரால் பேணப்பட்டன. ஏனைய கணினிகள் யாவும் அக்கோப்பைப் படியெடுத்துக் கொள்ளும். கணினிகள் பெருகவே இம்முறை தளர்ந்தது. ஒருவர் படியெடுத்து முடிப்பதற்குள் பட்டியல் பழையதாகிவிடும்; ஒரே பெயரை இருவர் கேட்பர். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய பால் மொகபெட்ரிஸ் 1983இல் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தார். பதிவேடு ஓரிடத்தில் குவிந்திராமல் மரத்தின் கிளைகள்போல் பகிரப்பட வேண்டும், ஒவ்வொரு கிளையையும் அதற்குரியவரே பேண வேண்டும் என்பதே அது. இன்றளவும் இணையம் இவ்வமைப்பின்மீதே இயங்குகிறது.

அரியாங்குப்பம் கொம்யூனில் வாழும் ஒருவர் புதுச்சேரி அரசின் தளத்தைத் தேடுவதாகக் கொள்வோம். அதன் முகவரி ‘பிஒய்’, ‘கவ்’, ‘இன்’ என்னும் மூன்று கூறுகளால் ஆனது. ஆங்கில எழுத்தில், இடையே புள்ளியிட்டு எழுதப்படுவது. நாம் அதை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். கணினியோ அரபு எழுத்தைப் படிப்பதுபோல் வலமிருந்து தொடங்குகிறது. முதலில் வேர்ச் சேவையகத்திடம் ‘இன்’ யாருடையது எனக் கேட்கும். அது இந்தியப் பதிவேட்டை நோக்கிக் கை காட்டும். அங்கிருந்து அரசுத் தளங்களுக்குரிய ‘கவ்’ என்னும் கிளைக்கும், முடிவாக ‘பிஒய்’ என்னும் தளத்துக்கும் வழி கிடைக்கும். எவரிடமும் முழுப் பட்டியல் இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரை மட்டுமே அறிவர். இத்தனையும் நொடிப்பொழுதுக்குள் முடிந்துவிடுகின்றன. ஒருமுறை கிடைத்த விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்திருப்பதால் அடுத்த முறை இன்னும் விரைவில் முடியும்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அதே ‘பிஒய்’ என்னும் ஈரெழுத்து முகவரியின் வலக்கோடியில் நின்றால் அது தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டைக் குறிக்கும். ஆகவே பெயரின் பொருளைத் தீர்மானிப்பது அதன் எழுத்தன்று, மரத்தில் அதற்குரிய இடமே. அந்த இடத்தை வழங்குபவர் எவரோ அவர் கையில் பெரும் அதிகாரம் இருக்கிறது.

அந்த அதிகாரத்தின் உச்சி வேர்ப் பதிவேடு. பல ஆண்டுகள் ஜான் போஸ்டல் என்னும் தனியொரு அறிஞரின் மேற்பார்வையில் அது இருந்தது. 1998இல் ஐகான் என்னும் நிறுவனம் தோன்றியது. அவ்வாண்டிலேயே போஸ்டல் மறைந்தார். வேர்ப் பதிவேட்டின் மீது அமெரிக்க வணிகத்துறைக்கிருந்த மேற்பார்வை 2016 அக்டோபர் 1இல்தான் முடிவுக்கு வந்தது. எந்த நிலப்பகுதிக்கு ஈரெழுத்துக் குறியீடு தருவது என்பதைப் பதிவேட்டார் தாமாகத் தீர்மானிப்பதில்லை. பன்னாட்டுத் தர அமைப்பின் நாட்டுக் குறியீட்டுப் பட்டியலையே பின்பற்றுவர். அப்பட்டியலில் 1999இல் இடம்பெற்ற பின்னரே, 2000ஆம் ஆண்டில் பாலஸ்தீனத்துக்கு இணையத்தில் தனிப்பெயர் கிடைத்தது. ஈராக்கின் பெயருக்கு நேர்ந்தது வேறு. அது 1997 முதல் டெக்சாஸ் மாநிலத்தில் இயங்கிய ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. அதன் உரிமையாளர்கள் 2002இல் கைதானபின் அப்பெயர் பயனற்றுக் கிடந்தது. 2005இல்தான் ஈராக்கிய ஆணையம் ஒன்றின் கைக்கு வந்தது. தன் பெயரின் சாவி பிறரிடம் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

முறைமை பழுதுபட்டால் விளைவு எத்தகையது என்பதை 2021 அக்டோபர் 4 காட்டியது. பராமரிப்புப் பணியில் நேர்ந்த தவறால் ஃபேஸ்புக் நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்களை எவரும் அணுக முடியாமல் போயிற்று. ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டகிராமும் உலகின் பார்வையிலிருந்து மறைந்தன. கணினிகள் அழியவில்லை, தரவுகள் தொலையவில்லை. அவற்றை அடையும் வழிதான் இல்லை.

இனி எழுத்துக்கு வருவோம். தொடக்கத்தில் களப்பெயர்களில் ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகியவற்றுக்கு மட்டுமே இடமிருந்தது. தமிழும் அரபும் சீனமும் வாயிலுக்கு வெளியே நின்றன. 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் தலைமையிலான குழு பன்மொழிக் களப்பெயர்களை இயக்கிக் காட்டியது. தமிழை இணையத்தில் ஏற்றுவதற்கு அவருடன் இணைந்து உழைத்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 1999இல் மறைந்த அவருக்குத் தமிழ்கூறு நல்லுலகம் கடன்பட்டுள்ளது. 2003இல் பன்மொழிப் பெயர்களுக்கான தொழில்நுட்ப விதிகள் வகுக்கப்பட்டன. அவ்விதிகளின்படி தமிழில் எழுதப்படும் பெயர் உள்ளே ஆங்கில எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு தொடராக மாற்றப்படும். திரையில் மீண்டும் தமிழாகவே தோன்றும்.

இவ்வுத்தி தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோர், அரபியில் இல்லாத ட, ப, ங, ண போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துகளின்மீது புதுப் புள்ளிகளை இட்டு அரபுத்தமிழ் என்னும் எழுத்துமுறையைச் சமைத்தனர். எகர ஒகரக் குறிலுக்கும் தனிக்குறி கண்டனர். எழுத்து மாறினும் மொழியை இழப்பின்றி மீட்க வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். கிரேக்கரின் ‘பொதுகே’யிலிருந்து மூலத் தமிழ்ப் பெயரை நம்மால் உறுதியாக மீட்க இயலவில்லை, அரபுத்தமிழ் ஏட்டிலிருந்து தமிழை மீட்க இயலும். விதியோடு கூடிய எழுத்துமாற்றத்துக்கும் விதியற்ற ஒலிபெயர்ப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே. களப்பெயர் விதிகள் முன்னதைச் சார்ந்தவை. எனினும் விதியை அறிந்தோர் அருகினால் ஏடுகள் ஊமையாகிவிடும் என்பதையும் அரபுத்தமிழே நமக்கு உணர்த்துகிறது.

2009 அக்டோபரில் சியோல் நகரில் கூடிய ஐகான், நாட்டுப் பெயர்களைத் தத்தம் எழுத்திலேயே வழங்க இசைந்தது. 2010 மே மாதம் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் அரபுப் பெயர்கள் முதன்முதலாக வேர்ப் பதிவேட்டில் ஏறின. அவ்வாண்டிலேயே ‘.இலங்கை’ இடம்பெற்றது. 2011இல் ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ இரண்டும் சேர்ந்தன. அப்போது இந்தியாவுக்கு ஏழு மொழிகளில் பெயர்கள் வழங்கப்பட்டன. உருது உள்ளிட்ட ஆறு மொழிகளில் ‘பாரத்’ என்னும் சொல்லே பல எழுத்துகளில் அமைய, தமிழ் மட்டும் ‘இந்தியா’ எனக் கொண்டது.

தமிழுக்கெனச் சில சிக்கல்களும் உண்டு. ‘க’ என்னும் எழுத்தும் ஒன்றைக் குறிக்கும் தமிழ் எண்ணும் உருவொத்தவை. ‘உ’ என்பதும் இரண்டின் குறியும் அவ்வாறே. ‘ஔ’ என்னும் எழுத்தின் பிற்பகுதி ‘ள’ போலவே தோன்றும். இவ்வொப்புமையைப் பயன்படுத்தி வங்கியின் பெயர்போல் ஒரு போலிப் பெயரைப் படைத்து மக்களை ஏமாற்ற இயலும். இதனால் எந்த எழுத்தை ஏற்பது, எதை விலக்குவது என்பதற்குத் தனி விதிகள் தேவைப்பட்டன. எழுத்திலக்கணம் இங்கு பாதுகாப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

வாயில் திறந்துவிட்டது, உள்ளே செல்வோர் சிலரே. தமிழில் செய்தி தரும் தளங்களிலும் பெரும்பாலானவை ஆங்கில எழுத்து முகவரியிலேயே இயங்குகின்றன. தமிழ்க் களப்பெயர் கொண்ட மின்னஞ்சல் முகவரியை ஏற்க மறுக்கும் மென்பொருள்களும் உண்டு. பயன்படுத்துவோர் குறைவென்பதால் மென்பொருளார் அக்கறை கொள்வதில்லை. அவர்கள் அக்கறை கொள்ளாததால் பயன்படுத்துவோர் பெருகுவதில்லை. இச்சுழலை உடைக்க வேண்டியவர்கள் நாமே.

அதற்கு முதற்படி எளியது. நம் நூலகங்கள், கல்வி நிலையங்கள், இதழ்கள், ஜமாஅத்துகள் தம் பெயரைத் தமிழிலும் பதிவு செய்யலாம். களப்பெயர் நிலச்சொத்தன்று, குறித்த காலத்துக்குப் பெறும் உரிமையே. புதுப்பிக்கத் தவறினால் பிறர் அதைப் பெற்றுக்கொள்ள இயலும். எனவே பதிவு தனி ஒருவர் பெயரிலோ தளம் அமைத்துத் தந்தவர் பெயரிலோ அன்றி, நிறுவனத்தின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். புதுப்பிக்கும் நாளை நிர்வாகக் குழுவின் குறிப்பேட்டில் எழுதி வைப்பதும் இன்றியமையாதது. அரிக்கமேட்டில் கலம் வைத்திருந்தவர் தம் பெயரைத் தம் எழுத்தில் கீறியதால், இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் நாம் அதைத் தமிழாகவே படிக்கிறோம். ஊரின் பெயரைப் பிறர் எழுதினர். அதை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறோம்.