ஜிந்தோ: தப்பிச்ச நாயும் தப்பாத நாயும்

1993ல, தென்கொரியாவின் தென்மேற்கு மூலையில இருக்குற ஜிந்தோ தீவுல ஒரு பாட்டி வளர்த்த நாயை தேஜோன் நகரத்துக்காரர் ஒருத்தருக்கு வித்துட்டாங்க. நாய் பேரு பெக்கு. வெள்ளை நாய்னு அர்த்தம் (பேக்குன்னு படிச்சிடாதீங்க, அது நம்மதான்). சுமார் 300 கிலோமீட்டர் தூரம். ஏழு மாசம் கழிச்சு எலும்பும் தோலுமா பாட்டி வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. இப்போ ஊர்ல அதுக்கு சிலையே இருக்கு.

இந்த விசுவாசக் கதையோட நிறுத்தியிருந்தா எபிசோட் சுகமா முடிஞ்சிருக்கும். ஆனா தேடப் போனப்போ 1938ல மாட்டிக்கிட்டேன்.

அப்போ கொரியா ஜப்பானோட காலனி. பேராசிரியர் மோரி தமேசோ ஜிந்தோ நாய்களை ஆய்வு செய்ய, அடுத்த வருஷமே காலனி அரசு அவற்றை இயற்கை நினைவுச்சின்னமா அறிவிச்சுது. நல்ல விஷயம்தானே? ஆனா அதே அரசு, போர்க்காலத்துல ராணுவத்தோட தோல், ரோமத் தேவைக்காக மத்த கொரிய நாய்களை லட்சக்கணக்குல கொன்னுச்சு. முகமெல்லாம் முடி தொங்குற சாப்சால் இனம் கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு.

ஜிந்தோ மட்டும் எப்படித் தப்பிச்சுது? நிமிர்ந்த காது, சுருண்ட வால். பார்க்க ஜப்பானிய நாய் மாதிரியே இருக்கும். 'ஜப்பானும் கொரியாவும் ஒரே உடல்'னு காலனி அரசு பிரசாரம் செஞ்ச காலம் அது. அந்தப் பேச்சுக்கு இந்த நாய் வசதியான சாட்சி. அதாவது, கொரிய நாய்ங்கிறதுக்காக அதைக் காப்பாத்தலை. எனக்கு இது ரொம்ப உறுத்துச்சு.

விடுதலைக்கு அப்புறம் கதை தலைகீழ். 1962ல தென்கொரியா அதையே தன்னோட 53ஆம் எண் இயற்கை நினைவுச்சின்னமா ஆக்குச்சு. 1967ல தனிச் சட்டம். 2000ல கிம் தே-ஜுங் வடகொரியாவுக்குப் போனப்போ பரிசா கொடுத்ததும் ஒரு ஜோடி ஜிந்தோதான்.

"அபார்ட்மென்ட்ல வளர்க்கலாமா?"ன்னு கேப்பீங்க. சுத்தத்துல குறையே சொல்ல முடியாது, வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணாது. ஆனா அடிப்படையில வேட்டை நாய். பூனையைப் பார்த்தா நீங்க கூப்பிடுறது காதுல விழாது, அதனால வெளியே போனா கயிறு கட்டாயம். சாதாரண மதிலைத் தாண்டிடும். வருஷத்துக்கு ரெண்டு தடவை முடி கொத்துக் கொத்தாக் கொட்டும். ஒருத்தரை எஜமான்னு ஏத்துக்கிட்டா, கை மாத்துறது அதுக்கு ரொம்பக் கொடுமை. பெக்கு கதையை அந்தப் பக்கத்துல இருந்தும் ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

சாப்சால் என்ன ஆச்சு? மிச்சம் இருந்த கொஞ்ச நாய்களை 1960களின் கடைசியில கியோங்புக் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தேடித் தேடிச் சேர்த்தாங்க. இயற்கை நினைவுச்சின்னம்ங்கிற அந்தஸ்து அதுக்குக் கிடைச்சது 1992ல. ஜிந்தோவுக்கு 54 வருஷம் கழிச்சு.