காந்தா

காந்தா (பெயர்ச்சொல்): பழைய சேலை, வேட்டிகளை அடுக்கிக் கையால் தைத்த வங்காளப் போர்வை. அதில் போடும் ஓட்டுத்தையலுக்கும் இதுவே பெயர்.

வடமொழியில் 'கந்தா' என்றால் ஒட்டுப்போட்ட துணி; துறவிகளின் உடை. நம் 'கந்தை'யும் அந்த வேரைச் சேர்ந்ததுதான். தமிழில் அச்சொல் கிழிசலோடும் வறுமையோடும் நின்றுவிட்டது. வங்காளத்தில் குடும்பச் சொத்தின் பெயராக உயர்ந்தது.

உடுத்தி உடுத்தி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி பச்சைக் குழந்தையின் தோலை உறுத்தாது. அதனால் பாட்டியும் அம்மாவும் கட்டிய சேலைகளே பேரப்பிள்ளையின் முதல் போர்வையாயின. தையல் நூலையும் பழஞ்சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள்.

'நக்‌ஷா' என்றால் சித்திர வரைவு. தாமரை, மீன், பல்லக்கு என்று உருவங்கள் தைத்தது 'நக்‌ஷி காந்தா'. வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்‌ஷி காந்தார் மாட்' கதைப்பாடலில், நாயகி சாஜு கணவனோடு வாழ்ந்த வாழ்க்கையையே போர்வையில் தைக்கிறாள். தன் கல்லறைமேல் அதை விரிக்கச் சொல்கிறாள்.

இன்று கடைகளில் 'காந்தா' என்றால் புதுப் பட்டில் போட்ட தையல் வேலை. அழகுதான். ஆனால் வீட்டார் உடுத்திய துணி என்பதே இச்சொல்லின் உயிர். அந்தப் பொருளை இழந்துவிடக் கூடாது.