ஏலாக்குறிச்சி ஓலையும் தரங்கம்பாடி அச்சும்

தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றை ஆராய்வோர் கொல்லம், கொச்சி, தரங்கம்பாடி, சென்னை என அச்சுக்கூடம் இருந்த ஊர்களையே நிரல்படக் கூறுவர். அச்சுக்கூடம் இல்லாத ஓர் ஊருக்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு என்பதை ஈண்டு நிறுவ முயல்வோம். அவ்வூர் கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த ஏலாக்குறிச்சி. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று 1995இல் பெரம்பலூர் மாவட்டமாகப் பிரிந்த பகுதியைச் சார்ந்து, 2007 முதல் அரியலூர் மாவட்டத்துள் அடங்குவது. வீரமாமுனிவர் தமிழ்ப்பணி புரிந்த இவ்வூரே அவர்தம் கலம்பகத்தில் திருக்காவலூர் எனப் பாடப்பெறுவது.

முதற்கண் அவருக்கு முற்பட்ட அச்சின் நிலையைக் காண்போம். தமிழெழுத்தில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. போர்ச்சுகல் நாட்டினரான அண்டிரிக் அடிகளார் (1520-1600) தமிழாக்கிய அந்நூல் 16 பக்கங்களே உடையது. அதில் மெய்களுக்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடவில்லை. 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஒரே வடிவின. இஃது அச்சாளரின் பிழை அன்று. மெய்க்கும் எகர ஒகரங்களுக்கும் தொல்காப்பியம் புள்ளி விதித்திருந்தும், எழுத்தாணி முனையால் ஓலை கிழியும் என அஞ்சி ஏடெழுதுவோர் அதனை விடுத்தனர். ஓலைக்கு நேர்ந்த குறை, கிழியாத தாளிலும் அவ்வாறே புகுந்தது.

இத்தாலியில் 1680இல் பிறந்து 1710இல் கோவாவில் வந்திறங்கிய வீரமாமுனிவர், இக்குறையைப் புள்ளியால் தீர்க்க முனைந்திலர்; நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார். கொம்பின் மேற்சுழி ஏகார ஓகாரங்களைக் குறித்தது. உயிரெழுத்தாய் வரும் ஏ, ஓ ஆகியனவும் குறிலினின்று வடிவால் பிரிந்தன. ஓலைக்கும் ஊறு செய்யாத இத்திருத்தமே பின்னர் அச்செழுத்தில் நிலைபெற்றது.

இனி, அவர்தம் நூல்கள் அச்சேறிய வரலாறு நோக்கத்தக்கது. கொள்ளிடக் கழிமுகத்துக்குத் தெற்கே, கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரின் அச்சுக்கூடம் செருமனியின் ஆல் நகரில் வார்த்த தமிழெழுத்துகளைக் கொண்டு 1713இல் தமிழ் நூல்களை அச்சிடத் தொடங்கிற்று. அது லுத்தர் சபையாருடையது. வீரமாமுனிவரோ அச்சபையை மறுத்து 'வேத விளக்கம்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகியவற்றை இயற்றியவர். ஆயினும் தம் சபைத் துறவியர் பொருட்டு அவர் இலத்தீனில் வரைந்த கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியிலேயே அச்சாயிற்று. சமயத்தால் மாறுபட்டோரும் மொழிநூலை ஏற்றமை இதனால் விளங்கும்.

ஆனால் இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. 1732இல் முற்றுப்பெற்ற சதுரகராதி 1824இல்தான் சென்னையில் அச்சாயிற்று. 3,615 பாக்களாலான தேம்பாவணியோ ஓலையிலேயே வழங்கி, 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேதான் புதுச்சேரியில் அச்சுருப் பெற்றது. அயல்நாட்டார் தமிழ் கற்க வேண்டியிருந்தமையின் இலக்கணம் முந்திற்று. தமிழர் கற்றற்குரிய காப்பியம் பிந்திற்று. அச்சுக்கூடத்தை உடையவர் யாவர் என்பதே எந்நூல் அச்சேறும் என்பதை உறுதி செய்தது எனக் கருதுகின்றோம்.

வீரமாமுனிவர் அச்சாளர் அல்லரே எனின், உண்மைதான். அவர் எழுத்து வார்த்தவரும் அல்லர். பொறி இயக்கியவரும் அல்லர். எனினும், அச்சுக்கோப்போர் இன்றியமையாது கைக்கொண்ட எழுத்து வடிவம் அவர் தந்தது. காப்பியம் ஏட்டில் காத்துக்கிடந்த காலத்தும், அதனை இயற்றியவர் வகுத்த சுழி பிறர் நூல்களில் ஏறிப் பரவிற்று. ஆதலின், தமிழ் அச்சின் வரலாறு எழுதுவோர் பொறிகள் இருந்த ஊர்களோடு, எழுத்தாணி இயங்கிய ஏலாக்குறிச்சியையும் சேர்த்தெண்ணுதல் முறையாகும்.