சோளகமும் நிலக்கரியும்: நுரைச்சோலைக் கடலோரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

புத்தளம் மாவட்டக் கடலோரத்தின் பொருளாதார வரலாற்றை நிருணயித்த இயற்கைக் காரணிகளுள் முதன்மையானது சோளகம் எனப்படும் தென்மேற்குப் பருவக்காற்று. மே முதல் செப்டெம்பர் வரை திறந்த கடல் கொந்தளிக்கும். ஒக்டோபர் முதல் ஏப்ரில் வரை பெரும்பாலும் அடங்கியிருக்கும். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கற்பிட்டிக் கோட்டையைப் புத்தளக் களப்பின் வாயிலில் அமைத்தனர். கொழும்பையும் நீர்கொழும்பையும் புத்தளத்தையும் கால்வாய்களால் இணைத்தனர். வணிக மூலதனம் அன்று அலையைத் தவிர்த்து உள்நீர்வழியை நாடிற்று.

நுரைச்சோலையில் மூலதனம் திறந்த கடலையே துறையாக்கியது. சீனக் கடனுதவியுடன் கட்டப்பட்ட லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதற்பகுதி 2011இலும் ஏனைய இரு பகுதிகள் 2014இலும் இயங்கத் தொடங்கின. 900 மெகாவாற் வலுவுடைய இந்நிலையத்துக்கு ஆண்டுதோறும் 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி தேவை. ஏறத்தாழ 60,000 தொன் சுமந்து வரும் கப்பல்கள் கரையை அணுக இயலாது. அவை கடலில் நங்கூரமிட, நிலக்கரி சரக்குப் படகுகளுக்கு மாற்றப்பட்டு இறங்குதுறைக்குக் கொண்டுவரப்படுகிறது. ஒரே அலையில் பெருங்கப்பல் ஒருவிதமாகவும் படகு வேறுவிதமாகவும் அசையுமாதலின், சோளகத்தில் இவ்வேலை நின்றுவிடுகிறது. ஆண்டுத் தேவை முழுவதும் ஏழு மாதங்களுக்குள், வாரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல் என்ற கணக்கில், இறக்கப்படல் வேண்டும்.

கடலில் மிதக்கும் இறங்குதுறையொன்று இத்தடையை நீக்குமா? 10 செக்கன் இடைவெளியில் வரும் அலையின் நீளம் ஆழ்நீரில் ஏறத்தாழ 156 மீற்றர். சில பத்து மீற்றர் அகலமுள்ள மிதவை அத்தகைய அலையைத் தடுக்காது. அதன்மேல் ஏறி இறங்கும். 1944 யூனில் நோர்மண்டிக் கரையில் நேச நாடுகள் அமைத்த தற்காலிகத் துறைமுகங்களுள் அமெரிக்கருடையதைப் புயல் சிதைத்தது. மிதக்கும் அலைதடுப்புகள் கட்டறுந்தன. மிக அகன்ற மிதவையும் உறுதியான நங்கூரத் தொகுதியும் கொண்டு வேலைநாட்களைக் கூட்டலாம். ஆனால் அதற்கான செலவு பெரிது.

செலவு என்னும்போது எவருடைய செலவு என்ற வினா எழுகிறது. அமைதிக் காலம் நிலக்கரிக்கு மட்டும் உரியதன்று. கரைவலை இழுக்கப்படுவதும் அப்பொழுதே. சிலாபம், நீர்கொழும்புப் பகுதி மீனவர் கற்பிட்டிப் பகுதியில் வாடியமைத்துத் தொழில் செய்வதும் அப்பொழுதே. ஒரே கடலும் ஒரே மாதங்களும் இரு உற்பத்தி முறைகளுக்கும் தேவைப்படுகின்றன. அவற்றுள் ஒன்று அரசின் ஆதரவுடையது. மற்றையது அன்றாட உழைப்பில் தங்கியிருப்பது.

முரண்பாடு கடலோடு முடியவில்லை. பருவ இறுதியில் கரையிலே நிலக்கரிக் குவியல் மிக உயர்ந்து நிற்கும். அவ்வேளையிலேயே சோளகம் எழுந்து, கரித்தூசியைக் குடியிருப்புகளையும் மரக்கறித் தோட்டங்களையும் நோக்கி வீசுகிறது. கடலின் தடையை வெல்ல இயலாத திட்டம், அதன் சுமையை மீனவர்மீதும் விவசாயிகள்மீதும் இறக்கி வைத்துள்ளது.

ஆகவே மிதக்கும் துறையின் சாத்தியப்பாட்டைக் கப்பல் தாமதத்தையும் மூலதனத்தையும் மட்டும் கொண்டு கணித்தல் போதாது. மீனவர் இழக்கும் தொழில்நாட்களும் தோட்டக்காரர் இழக்கும் விளைச்சலும் அக்கணக்கில் இடம்பெறல் வேண்டும். அவற்றை விலக்கிய சாத்தியப்பாட்டு ஆய்வு, பொறியியல் நுட்பத்தில் எவ்வளவு சிறந்ததாயினும், வர்க்கச் சார்புடையதே என்பது நமது கருத்து.