பங்குனித் தேரும் மார்ச் க்ளோசிங்கும்

வங்கிக்காரனுக்கு வசந்த காலம் கிடையாது. ஊரெல்லாம் மாம்பூ வாசனை அடிக்கும்போது நாங்கள் வாராக்கடன் பட்டியலோடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்போம். மார்ச் மாதம் முழுக்க ஆணி, கடைசி வாரம் கடப்பாரை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பங்குனி உத்திரம் எந்தத் தேதியில் வருகிறது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

இதில் ஒரு வரலாறு இருக்கிறது. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் நிதியாண்டு வெள்ளைக்காரன் 1867ல் கொண்டு வந்தது. ஆனால் வங்கிகள் அதற்குப் பின்னும் நூறு வருஷத்துக்கு மேல் டிசம்பர் 31ல்தான் கணக்கை முடித்தன. 1989ல்தான் மார்ச் 31க்கு மாறின. அதாவது, எனக்கு முந்தைய தலைமுறை மேனேஜர்கள் மார்ச்சில் குடும்பத்தோடு தேர் பார்க்கப் போயிருக்கிறார்கள்! என் தலைமுறைக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று சொல்லிக் கொண்டு திரிந்தேன். அது எவ்வளவு பெரிய பொய் என்று பிறகு தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

மாற்றலாகி நஞ்சன்கூடு வந்தபோது ஊர்ப் பெயரே பாதி தமிழாக இருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். நஞ்சு நமக்கும் நஞ்சு, அவர்களுக்கும் நஞ்சு. நஞ்சை உண்டவன் நஞ்சுண்டன். கோயம்புத்தூரில் நஞ்சுண்டாபுரம் இருக்கிறது, தெருவுக்கு ஒரு நஞ்சப்பன் இருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சாமி பெயர்தான். மைசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஊரை ஒட்டிக் கபிலா ஓடுகிறது (வரைபடத்தில் கபினி). அதன் மேல் 1735ல் கட்டிய பழைய பாலம் ஒன்று நிற்கிறது. மாட்டு வண்டிக்காகக் கட்டிய பாலத்தில் பின்னாளில் தண்டவாளம் போட்டு ரயிலே ஓட்டினார்கள். அகலப்பாதை வந்த பிறகு ரயிலுக்குப் புதுப்பாலம். பழையது ஓய்வில் இருக்கிறது, பென்ஷன் வாங்கும் பெரியவர் மாதிரி.

கோயில் பெரியது. 385 அடி நீளம், 160 அடி அகலம். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் ராணி தேவாஜம்மணி 1845ல் கட்டிய கோபுரம் 120 அடி. திப்பு சுல்தானின் பட்டத்து யானைக்குக் கண் போனபோது இங்கே வேண்டிக் கொண்டு குணமானதாகவும், அதனால் அவர் சாமியை 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று கூப்பிட்டதாகவும் ஊரில் சொல்வார்கள். மரகத லிங்கம் ஒன்று கொடுத்ததாகவும் சொல்வார்கள். ஹக்கீம் என்றால் வைத்தியர். நஞ்சைக் குடித்தும் ஒன்றும் ஆகாதவர் வைத்தியராக இருப்பது நியாயம்தானே.

இப்போது கொஞ்சம் கொசுவர்த்தி.

அம்மாவும் அப்பாவும் 2023 கடைசியில் எங்களோடு வந்து தங்கினார்கள். அப்பாவுக்கு மாயவரம் பக்கம் ஒரு கிராமம். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ரிடையர் ஆனவர். எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்தால் குறுக்கை. எட்டு வீரட்டானங்களில் ஒன்று, சிவன் மன்மதனை எரித்த தலம். மாசி வந்தால் எங்கள் பக்கத்தில் காமன் பண்டிகை. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு கோஷ்டி விடிய விடிய லாவணி பாடும். அப்பா எரியாத கட்சி. 'எரிச்சா மட்டும் செத்துடுவானா?' என்பார்.

நஞ்சன்கூடு வந்தவருக்குக் கோயிலில் முதல் ஆச்சரியம் பிராகாரத்தில் வரிசையாக நின்ற அறுபத்து மூவர். கன்னட தேசத்தில் கண்ணப்பரா என்று தினமும் போக ஆரம்பித்துவிட்டார். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு மாதத்தில் பூக்கடை, பால்கடை எல்லாம் சிநேகம். நான் வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியும் என் ப்ராஞ்ச் வாசலைத் தாண்டி எவரையும் தெரியாது.

மார்ச் மாதத்தில் ஒருநாள் ராத்திரி, 'வெள்ளிக்கிழமை தேராம்டா, அஞ்சு தேர். விடியக்காலம் போலாமா?' என்றார். 'க்ளோசிங்ப்பா' என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

2024 மார்ச் 22. பால்கடைக்காரரோடு போய்விட்டு வந்து, நான் சட்டை போட்டுக் கொண்டிருக்கும்போது உள்ளே வந்தார். சட்டையெல்லாம் வியர்வை, கையில் ஒரு பச்சைக் கொழுந்து. மூக்கருகே நீட்டினார். மரிக்கொழுந்து வாசனை.

'பழத்துல இதைச் செருகி தேர் மேல எறியறாங்கடா. புதுசா கல்யாணம் ஆனதுங்க எல்லாம் ஜோடி ஜோடியா நிக்குதுங்க. குறுக்கைல எரிஞ்சவன் இங்க வந்து மொளைச்சிருக்கான்' என்றார்.

எனக்குப் புரியவில்லை. 'சரிப்பா' என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டைத் தேடினேன். அந்த வாக்கியத்தை மனசில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு வைத்தேன். எந்தத் தலைப்பில் சேரும் என்று தெரியாத வரவு அங்கேதானே போகும்.

அந்த வருஷம் ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். தூக்கத்திலேயே.

காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்த பிறகுதான் அந்த எண்ட்ரியை எடுத்துப் பார்க்க உட்கார்ந்தேன். பி.காம். படித்தவனுக்கு வரலாறு தெரியாது, ஆனால் டாலி பண்ணத் தெரியும்.

முதலில் அந்தக் கொழுந்து. கன்னடத்தில் தவன, பேச்சில் ஜவன. நாம் மரிக்கொழுந்து என்கிறோம், தவனம் என்றும் சொல்வதுண்டு. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பயிராகிறது. நவம்பர் வாக்கில் விதைத்து பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பார்கள். இதன் தைலம் வெளிநாட்டு சென்ட் கம்பெனிகளுக்குப் போகிறது. வாழைப்பழத்தில் இதைச் செருகித் தேரை நோக்கி எறிவதற்கு 'ஹண்ணு ஜவன' என்று பெயர். ஹண்ணு என்றால் பழம்.

சமஸ்கிருதத்தில் இதுதான் தமனகம். இதைச் சிவனுக்குச் சாத்த ஒரு தனி விழாவே உண்டு. சித்திரை மாத விழா. சைவ பூஜை முறைகளைத் தொகுத்த 11ம் நூற்றாண்டு சோமசம்பு பத்ததியில் அதன் விதிகள் இருக்கின்றன. அக்னி புராணத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. சிவனுடைய கோபத்திலிருந்து ஒரு பைரவன் பிறந்தான். தேவர்களை எல்லாம் அடக்கினான். நீ பூமியில் செடியாகப் போ, உன் இலையால் என்னைப் பூஜிப்பவர்களுக்குப் பலன் கிடைக்கும் என்று சிவன் அனுப்பி வைத்தார். இது ஒரு கதை.

இன்னொரு கதைதான் என்னை நாற்காலியில் நிமிர வைத்தது. தமனக பூஜையில் அந்தச் செடியைப் பார்த்துச் சொல்லும் வணக்கத்தில், அது காமன் எரிந்த சாம்பலில் முளைத்தது, ரதியின் கண்ணீரில் நனைந்தது என்று வருகிறது.

அப்பா இதைத்தான் சொல்லியிருக்கிறார். கூட்டுறவு சங்கக் கணக்குப்பிள்ளை சமஸ்கிருதம் படித்தவர் இல்லை. எந்த லாவணிக்காரர் வாயிலிருந்து கேட்டாரோ, குறுக்கைக் கோயில் திண்ணையில் கேட்டாரோ. காதல் தெய்வத்தின் சாம்பலில் முளைத்த செடியைப் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் அவனை எரித்தவர் மேலேயே எறிகிறார்கள். அவரும் வாங்கிக் கொள்கிறார். எரியாத கட்சி ஜெயித்துவிட்டது!

பழமும் சும்மா பழம் இல்லை. நஞ்சன்கூடு ரசபாளே என்றால் கர்நாடகம் முழுக்கப் பெயர். நம்ம ரஸ்தாளியின் நெருங்கிய சொந்தம். புவிசார் குறியீடு வாங்கிய பழம். வாடல் நோய் வந்து தோட்டம் தோட்டமாகப் போய்விட்டது, இப்போது கொஞ்சம் பேர்தான் போடுகிறார்கள். தேரில் எறிவது பெரும்பாலும் வேறு ரகம். ரசபாளேயை எறிய யாருக்கு மனசு வரும்?

அடுத்து தேதி. இங்கே எல்லாம் சந்திரன் கணக்கு, யுகாதியைப் போல. ஆனால் 2024ல் தேர் யுகாதிக்கு முன்னால் வந்தது, 2025ல் யுகாதிக்குப் பின்னால். குழம்பிப் போய் நம்ம பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். 2024ல் தேர் மார்ச் 22, பங்குனி உத்திரம் மார்ச் 25. 2025ல் தேர் ஏப்ரல் 9, உத்திரம் ஏப்ரல் 11. இரண்டு தடவையும் உத்திரத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். அப்பா பார்த்தது நம்ம பங்குனித் தேரைத்தான். கணபதி, ஸ்ரீகண்டேஸ்வரர், அம்மன், சுப்பிரமணியர், சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர். அப்படியே நம் ஊர் பஞ்சமூர்த்தி புறப்பாடு.

2025ல் க்ளோசிங் முடிந்து ஒன்பது நாள் கழித்துத் தேர். சாக்கு எதுவும் பாக்கி இல்லை. ஆனால் அப்பா போய் வருஷம் திரும்பாததால் 'தேர்கிட்ட போகாதடா, வடத்தைத் தொடாத' என்றார் அம்மா. மகளை அனுப்பிவிட்டுத் தெருக்கோடியில் ஒரு புங்க மரத்தடியில் நின்றேன். மரம் முழுக்கப் பூ, தரையெல்லாம் பொரி கொட்டின மாதிரி. இந்தப் பூவின் மேல்தான் மூன்று வருஷமாகத் தினமும் வண்டியை ஏற்றிக் கொண்டு ப்ராஞ்சுக்குப் போயிருக்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன் பெரிய தேர் அசைந்தது. கௌதம ரதம் என்று பெயர். பழங்கள் குருவிக் கூட்டம் போல எழுந்து விழுந்தன. மகள் எறிந்தது தேரைத் தொடவே இல்லை, முன்னால் நின்ற ஒரு மாமாவின் முதுகில் பட்டது. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு குளித்து, டிபன் சாப்பிட்டு, பத்து மணிக்கு முன்னால் ப்ராஞ்சில் இருந்தேன்.

நான் ஆரம்பத்தில் சொன்ன பொய் இதுதான். தேர் விடியற்காலையில் கிளம்புகிறது. என் வேலை பத்து மணிக்கு. 2024லும் அப்படித்தான். க்ளோசிங் என் காலைத் தூக்கத்தைக் கூடத் தொட்டிருக்காது. 1867ம் வருஷத்து வெள்ளைக்காரனுக்கும் இதில் சம்பந்தமே கிடையாது.

2026ல் உத்திரம் ஏப்ரல் 1. தேர் சரியாக க்ளோசிங் நெரிசலில் வந்து நிற்கும் கணக்கு. நல்லது. அப்பா கேட்ட மாதிரியே ஒரு மார்ச் மாதம். பழமும் ஜவனமும் இந்தத் தடவை நானே எறிய வேண்டும்.

உங்கள் ஊர்த் தேர் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் ஆபீஸ் திறப்பதற்கு முன்னால்தான் இருக்கும்.