தண்டவாளம் இல்லாத ஊரில் ஒரு கோச்சி

எங்கட தோப்பூருக்குக் கோச்சி வந்ததே இல்லை. திருகோணமலைக்கு 1927இல் ரயில் வந்தது. கல்லோயாச் சந்தியில் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா என்று ஓடி, துறைமுகப் பட்டினத்தோடு அது நின்றுவிட்டது. கொட்டியாரக் குடாவின் இந்தப் பக்கம் இருக்கிற மூதூரையும் தோப்பூரையும் அது எட்டிப் பார்க்கவில்லை. நடுவில் மகாவலி கடலோடு சேருகிற இடம். வீட்டுப் பெரியாக்கள் கோச்சியில் ஏற வேணுமென்றால் மூதூருக்குப் போய் லோஞ்சில் குடாவைக் கடக்க வேணும். இல்லாட்டி பஸ்ஸிலும் பாதையிலுமாகக் கிண்ணியாவால் சுற்றிப் போக வேணும். (பாதை என்றால் எங்கட பக்கத்தில் ஆற்றைக் கடக்கிற மிதவை. வெளியூர் ஆக்கள் இதைக் கேட்டுக் குழம்புவார்கள்.) 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகுதான் ஸ்டேசன் எங்களுக்குக் கிட்ட வந்தது.

ஆனாலும் சின்ன வயதில் எங்களிடம் கோச்சி இருந்தது. மீன் டின் நாலைக் கழுவி, ஓட்டை போட்டு, நூலால் கோர்த்து, சோடா மூடியைச் சக்கரமாக்கி, மணலில் இழுத்துக்கொண்டு ஓடுவம். முன் டின்னில் கரியால் நம்பர் எழுதுவம். உலகத்தில் இதற்கென்று சங்கங்களும் சஞ்சிகைகளும் அளவு விதிகளும் இருக்கின்றன, வயது போன ஆக்கள் வீட்டின் ஒரு அறையையே இதற்கு ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. தெரிந்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. வெள்ளைக்காரரின் ஓய்வூதியக் காலப் பொழுதுபோக்கு என்று நினைச்சம். தேடிப் படிக்கப் படிக்க அந்தச் சிரிப்புக் குறைந்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விளையாட்டு ரயில் ஒரு ‘சேகரிக்கும் பொருளாக’ மாறின கதையை 1891இல் தொடங்கலாம். அந்த வருசம் ஜெர்மனியின் மார்க்ளின் கொம்பனி லைப்சிக் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடுகிற ரயிலைத் தண்டவாளத்தோடு சேர்த்து வைத்தது. அவர்களுடைய கெட்டித்தனம் ரயிலில் இல்லை, தண்டவாளத்தில். சக்கர இடைவெளிக்கு நிலையான அளவுகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கொடுத்தார்கள். இந்த வருசம் ஒரு வட்டப் பாதை, அடுத்த பிறந்தநாளுக்கு இரண்டு பெட்டி, அதற்கடுத்ததற்கு ஒரு ஸ்டேசன் என்று வாங்கிச் சேர்க்கலாம். முடிவே இல்லாத சாமான் ஒன்றை விற்கிற வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

இங்கிலாந்தில் லிவர்பூல்காரர் பிராங்க் ஹோர்ன்பி 1920இல் ரயில் விற்கத் தொடங்கினார். அவருடைய கொம்பனி 1938இல் மேசைக்கு அளவான ‘ஹோர்ன்பி டப்ளோ’வைக் கொண்டுவந்தது. இதில் ஒரு வேடிக்கை. ஐரோப்பாவில் 1:87 என்ற அளவில், 16.5 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் மொடல் ஓடியது. பிரித்தானிய எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. அதே அளவில் சுருக்கினால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே போகாது. அதனால் எஞ்சினை மட்டும் 1:76 என்று பெருப்பித்து, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், உண்மையில் 1435 மில்லிமீற்றர் அகலமான பாதை அவர்களுடைய மொடலில் சுமார் 1257 மில்லிமீற்றர்தான். ரயிலைக் கண்டுபிடித்த நாடே, தன் ரயிலைப் பிழையான அகலத்தில் ஓடவிட்டு இன்றுவரை சந்தோசமாக இருக்கிறது.

எங்கட பிரச்சினை இதைவிடப் பெரிது. இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. பாதையின் அகலம் ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர். இந்தியாவின் அகலப் பாதையும் இதேதான். பெரிய கொம்பனிகள் எல்லாம் 1435க்குத்தான் தண்டவாளம் செய்கின்றன. 1:87இல் எங்கட பாதைக்கு 19.3 மில்லிமீற்றர் வேணும். 1:76இல் 22 மில்லிமீற்றர் வேணும். இரண்டும் சாதாரணக் கடையில் கிடைக்காது. இலங்கை எஞ்சினோ பெட்டியோ பெட்டிக்குள் வைத்து ரெடிமேட்டாக விற்கப்படுவதும் இல்லை. ஆகவே மற்ற நாட்டில் ‘மாற்றியமைப்பது’ என்றால் வாங்கினதுக்கு மேல் கொஞ்சம் அழகு சேர்ப்பது: புதுப் பெயின்ட், துருக்கறை, எஞ்சின் கூரையில் கொஞ்சம் புகை. எங்கட நாட்டில் மாற்றியமைக்காமல் ஒரு மொடலும் இல்லை. காட்போட், பிவிசித் தகடு, 3டி பிரின்ட், இல்லாட்டி வேற நாட்டு எஞ்சின் ஒன்றை வாங்கி அறுத்து ஒட்டுவது. இதுகள்தான் வழி.

அயர்லாந்துக்காரருக்கும் இதே தலையிடி. அவர்களுடைய பாதை 1600 மில்லிமீற்றர். பிடிவாதக்காரர் 21 மில்லிமீற்றர் தண்டவாளத்தைத் தாங்களே கட்டைகட்டையாக அடுக்கிச் செய்கிறார்கள். மற்றவர்கள் ஹோர்ன்பித் தண்டவாளத்தில் ஓடவிட்டுக் கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொள்கிறார்கள்.

நாங்கள் கண்டுபிடித்த ஒரு சின்னத் தந்திரத்தைச் சொல்லத்தான் வேணும். (எங்களுக்கு முதல் ஆயிரம் பேர் கண்டுபிடித்திருப்பார்கள், பரவாயில்லை.) தண்டவாளத்தை மாற்ற ஏலாட்டி அளவை மாற்றினால் என்ன? 1:100 எடுங்கள். 1676 மில்லிமீற்றர் 16.76 ஆகிவிடும். கடையில் கிடைக்கிற 16.5 தண்டவாளத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கால் மில்லிமீற்றர். கட்டடக் கலைஞர்கள் மொடல் செய்கிற அளவும் 1:100 என்பதால் அந்த அளவில் மரமும் மனிதரும் வாங்கலாம். கணக்கும் லேசு: பெரம்பூர் ஐ.சி.எஃப்பின் வழக்கமான 21.3 மீற்றர் பெட்டி 213 மில்லிமீற்றர். பாடசாலை அடிமட்டம் போதும்.

அகலம் என்றதும் ‘போட் மெயில்’ ஞாபகம் வருகுது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததோடு சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு ரயில் என்று ஒரே பயணமாகப் போனார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த சனமும் வியாபாரிகளும் அரசியல்வாதிகளும் கடந்த வழி. இதை மொடலாகச் செய்ய நினைக்கிற ஆள் பாவம். தனுஷ்கோடிப் பக்கம் மீற்றர் பாதை, 1:87இல் சுமார் 11.5 மில்லிமீற்றர். தலைமன்னார்ப் பக்கம் அகலப் பாதை, 19.3. நடுவில் சுமார் 35 கிலோமீற்றர் கடல், அதே அளவில் 400 மீற்றர் தண்ணி! 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடின கப்பலும் 1980களில் நின்றது. ஒரு காலத்தில் ஒரே டிக்கட்டில் போன வழியின் இரண்டு முனையும் இப்ப இரண்டு நாட்டின் கடைசி ஸ்டேசன்கள்.

களனிவெளிப் பாதைக்கு அதிர்ஷ்டம் இருக்கு. அது 762 மில்லிமீற்றர் ஒடுக்கப் பாதை. 1:87இல் 8.8 மில்லிமீற்றர் வரும், கடையில் கிடைக்கிற 9 மில்லிமீற்றர் தண்டவாளம் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் அந்தப் பாதையை 1990களில் அகலப் பாதையாக மாற்றிவிட்டார்கள். மொடலுக்கு லேசான ரயில் நிலத்தில் இல்லை.

இனி, எங்களை இந்த விசயத்தில் இழுத்துப் போட்ட இடத்துக்கு வருவம். ஐரோப்பிய மொடல்காரர்கள் ரயில் வரலாற்றை ஆறு காலகட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மூன்றாம் காலகட்டம் என்றால் போருக்குப் பிறகு, நீராவியும் டீசலும் ஒன்றாக ஓடின நாட்கள். ஒரு மொடல் செய்யத் தொடங்குகிறவர் முதலில் முடிவெடுக்க வேண்டியது எந்த எஞ்சின் என்பதில்லை, எந்தக் காலம் என்பது. அது சரியில்லாட்டி எஞ்சின், பெட்டியின் நிறம், மேடையில் நிற்கிறவரின் உடுப்பு எல்லாமே பிழைக்கும்.

இந்தப் பிரிப்பை வடக்குக் கிழக்கில் வைத்துப் பாருங்கள். யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. 1990 யூனில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. 2014 ஒக்டோபரில், இந்திய நிறுவனமான இர்கொன் பாதையைத் திரும்பப் போட்ட பிறகு, யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. நடுவில் 24 வருசம். அந்தக் காலகட்டத்துக்கு ஐரோப்பியரின் பட்டியலில் இலக்கம் இல்லை. அதை மொடல் செய்ய வேணுமென்றால் எஞ்சின் தேவையில்லை, தண்டவாளம் தேவையில்லை. பற்றை வளர்ந்த ஒரு மண் அணை, கூரை போன ஸ்டேசன், தண்டவாளத் துண்டால் மேல் தாங்கின ஒரு பங்கர். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அறிந்த ‘ரயில் பாதை’ அதுதான். இப்படி ஒரு மொடலை நாங்கள் இன்னும் எங்கேயும் பார்க்கவில்லை. யாராவது செய்ய வேணும் என்று நினைக்கிறம்.

எம்2 எஞ்சின்களை எடுத்தாலும் இதே கேள்விதான். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954இலிருந்து தந்தவை. கனேடிய மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள்: ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று. (ஒன்டாரியோவிலிருந்து எஞ்சின் இங்கே வந்தது, பிறகு எங்கட சனம் ஒன்டாரியோவுக்குப் போனது. இதைச் சொன்னால் கனடாச் சொந்தக்காரர் எல்லாரும் ஒருக்கா சிரிப்பார்கள்.) இவை ஜி12 வகை. இதே வகை நியூசிலாந்திலும் ஓடியது. ஹொங்கொங்கில் ஒன்று ரயில் அருங்காட்சியகத்தில் நிற்குது. அதனால் உருவத்துக்கான ஆதாரங்கள் கிடைக்கும்.

அவற்றில் 591ஆம் இலக்க ‘மனிடோபா’வைச் செய்கிறவர் கொஞ்சம் நின்று யோசிப்பார். 2004 டிசம்பர் 26இல் பெரலியவில் சுனாமி அடித்த ரயிலை இழுத்துப் போனது அதுதான். 1,700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். உலகின் மிக மோசமான ரயில் விபத்து. எஞ்சினைத் தூக்கி எடுத்துத் திருத்தித் திரும்ப ஓடவிட்டார்கள். பக்கத்தில் அலையொன்றை வரைந்தார்கள். அப்ப மொடலில் அலை வரைவதா, இல்லையா? அலை இருந்தால் அந்த நாளுக்குப் பிந்தின எஞ்சின். அலை இல்லாட்டி அதில் ஏறின எல்லாரும் இன்னும் உயிரோடு இருக்கிற எஞ்சின். ஒரு தூரிகைக் கோட்டில் இவ்வளவு இருக்கு. அந்த அலை எங்கட கரைக்கும் வந்தது என்பதால் எங்களுக்குள் இதைப் பற்றிக் கனநேரம் கதைச்சம். ஒருத்தர், அலையை வரையாமல் பென்சிலால் மட்டும் கீறி விடுவம் என்றார். அது சரியான யோசனையாகப் படவில்லை. வேறொன்றும் எங்களுக்குத் தோன்றவுமில்லை.

புனேயில் பாவு ஜோஷி என்பவர் வாழ்க்கை முழுக்கச் சேர்த்த மொடல்களை வைத்து 1998இல் ஒரு காட்சிக்கூடமே திறந்தார். இலங்கையில் கடுகண்ணாவையில், ரயிலின் 150ஆவது ஆண்டு நிறைவோடு, 2014இல் தேசிய ரயில் அருங்காட்சியகம் வந்தது. அங்கே உண்மையான எஞ்சின்கள் நிற்கின்றன. பார்க்க வேண்டிய இடம். ஆனால் எஞ்சினைக் கொண்டுபோய் வைக்கலாம், ஒரு ஸ்டேசனையும் அதைச் சுற்றியிருந்த வாழ்க்கையையும் கொண்டுபோய் வைக்க ஏலாது. அந்த வேலைக்கு மேசையில் வைக்கிற மொடல்தான் தோது.

அதனால் நாங்களும் ஒன்று தொடங்கியிருக்கிறம், 1:100இல். இடம் சீனன்குடா. பிரித்தானியர் கட்டின எண்ணெய்க் குதங்களில் 99 இன்னும் நிற்கிற இடம், மா ஆலை இருக்கிற இடம், எங்களுக்கு ஆகக் கிட்டின ரயில் பாதை. தண்டவாளம் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருத்தர் கொண்டுவந்து தந்த பழையது. சிலிப்பர் கட்டை ஐஸ்கிறீம் குச்சி. பெருநாள் காசில் வாங்கின பற்றரி ரயில் ஒன்றின் மோட்டாரைக் கழற்றி வைத்திருக்கிறம்.

காலம்தான் முடிவாகவில்லை. ஒருத்தருக்கு 1942 ஏப்ரல் 9 வேணும், ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்ட நாள். எங்களில் இன்னொருத்தி, யுத்தத்தை விட்டால் எங்கட ஊருக்கு வேற திகதியே இல்லையா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு 1942 பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவளுடைய யோசனை: எங்கட வீட்டுப் பெரியாக்கள் முதல் முதல் கோச்சி ஏறின நாளைச் செய்வம்.

நல்ல யோசனை. வீடு வீடாகப் போய்க் கேட்டம். பெட்டி என்ன நிறம்? ஒருத்தர் சிவப்பு என்றார், கத்திச் சொன்னார். அவருடைய தம்பி, அதே நாள் அதே பெட்டியில் பக்கத்தில் இருந்து போனவர், பச்சை என்றார். ஒரு உம்மா நிறம் ஞாபகமில்லை என்றார். லோஞ்சில் சத்தி எடுத்தது, ஸ்டேசனில் வாங்கின வடை, யன்னலால் கண்ணுக்குள் விழுந்த தூசு எல்லாம் ஞாபகம் இருந்தது. போட்டோ ஒருத்தரிடமும் இல்லை. இருந்ததெல்லாம் இடம்பெயர்ந்தபோது போய்விட்டது.

213 மில்லிமீற்றர் பெட்டி வெட்டி ஒட்டி முடிந்தது. யன்னல் எல்லாம் அளவாக வந்திருக்கு. மேசையில் வெள்ளைக் காட்போட்டாகவே நிற்குது, பெயின்ட் அடிக்காமல். அந்த நாட்களில் திருமலைக் கோச்சியில் போன ஆக்கள் இதைப் படித்தால், நிறத்தைச் சொல்லுங்கள்.