யாங்கோன் தமிழருக்கு ஏற்ற சில குறுநாடகங்கள்

தமிழருக்கு ரங்கூன் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது 'பராசக்தி'. 1952இல் வெளிவந்த அந்தப் படம் பாவலர் பாலசுந்தரத்தின் மேடை நாடகத்திலிருந்து பிறந்தது என்பது பலருக்கும் மறந்துபோயிற்று. ரங்கூனுக்கும் தமிழ் மேடைக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தியது. தமிழகத்து நாடகக் குழுக்கள் கப்பலேறி அங்கே போயிருக்கின்றன. எம்.ஜி.ஆர். சிறுவயதில் அப்படியொரு குழுவோடு ரங்கூன் சென்று நடித்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. வெ. சாமிநாத சர்மா 1932 முதல் 1942 வரை ரங்கூனில் வாழ்ந்து 'ஜோதி' இதழை நடத்தினார். அவருடைய 'பாணபுரத்து வீரன்' நாடகத்தை வெள்ளைக்கார அரசு தடைசெய்தது; டி.கே.எஸ். சகோதரர்கள் அதையே 'தேசபக்தி' என்று பெயர் மாற்றி மேடையேற்றினார்கள். ஜப்பானியக் குண்டுவீச்சுக்குப் பிறகு சர்மா பர்மாவிலிருந்து கால்நடையாக வெளியேறிய கதையை அவரே எழுதியிருக்கிறார்.

1962 ராணுவப் புரட்சி, 1964இன் தேசியமயம், லட்சக்கணக்கான இந்தியர்களின் வெளியேற்றம், தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது என்று அடுத்தடுத்து விழுந்த அடிகளை வாசகர்கள் அறிவார்கள். அதன் விளைவு இன்றும் தெரிகிறது. அங்குள்ள இளைஞர்கள் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழ் எழுத்தைக் கண்டால் தயங்குவார்கள். கோயில்களிலும் தனி வகுப்புகளிலும்தான் எழுத்து கற்பிக்கப்படுகிறது. ஆகவே அங்கே ஒரு நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இலக்கியத் தரத்தோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காதால் கேட்டே பாடம் பண்ணிவிடக்கூடியதா? சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் கம்பெனிகளில் வாத்தியார் சொல்லச் சொல்லத்தான் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அந்த முறை யாங்கோனுக்கு நன்றாகவே பொருந்தும். பர்மிய எழுத்தில் வசனத்தை எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் இன்றைய யாங்கோன் உச்சரிப்பில் 'ர'வுக்குரிய எழுத்தே 'ய' என்றுதான் ஒலிக்கிறது (ரங்கூன் யாங்கோன் ஆனதும் அப்படித்தான்). 'ழ'வுக்கு எழுத்தே இல்லை. காதை நம்புவதே மேல்.

நான் முதலில் வைப்பது தாகூரின் 'டாக் கர்', அதாவது தபால் நிலையம். தமிழில் பல மொழிபெயர்ப்புகள் உண்டு. வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் கட்டளையிட்ட நோயாளிச் சிறுவன் அமல், ஜன்னலோரம் அமர்ந்து தயிர்க்காரன், காவல்காரன், பூக்காரச் சிறுமி என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசுகிறான். அரசர் தனக்குக் கடிதம் எழுதுவார் என்று காத்திருக்கிறான். ஊர்ப் பெரியமனிதன் கேலிக்காக ஒரு வெற்றுத் தாளை நீட்டி இதுதான் அரசரின் கடிதம் என்கிறான். தாத்தா அதைக் கடிதமாகவே எடுத்துக்கொள்கிறார். படிக்க முடியாத எழுத்துக்காகக் காத்திருக்கும் குழந்தை என்ற இந்தச் சித்திரம் யாங்கோன் தமிழ்ப் பார்வையாளர்களிடம் எப்படிப் போய்ச் சேரும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஒரு ஜன்னல் சட்டம் போதும், வேறு அரங்கப் பொருள் வேண்டாம். 1942 ஜூலையில் வார்சா கெட்டோவில் யானுஷ் கோர்ச்சாக் தம் அனாதை இல்லப் பிள்ளைகளைக் கொண்டு இதை நடத்தினார். சில வாரங்களில் அவரும் பிள்ளைகளும் ட்ரெப்ளிங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இதை அழுகை நாடகமாக்கி விடுவதுதான் பொதுவாக நிகழும் கேடு. அமல் குறும்பான பிள்ளை. முக்கால்வாசி நேரம் பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டும்.

அடுத்தது லேடி கிரெகரியின் 'நிலவு எழும் வேளை'. 1907இல் டப்ளின் அபே அரங்கில் முதலில் நடிக்கப்பட்டது. நடிகர்கள் நான்கே பேர், களம் ஒரு துறைமுகப் படித்துறை. தப்பியோடிய கலகக்காரனைப் பிடித்தால் நூறு பவுன் பரிசு. காவலிருக்கும் சார்ஜெண்டிடம் கந்தல் உடுத்திய பாடகன் ஒருவன் வருகிறான். இருவரும் ஒரு பீப்பாயின் மேல் முதுகோடு முதுகாக உட்கார்ந்து பேசுகிறார்கள். பாடகன் வேண்டுமென்றே விட்ட பாட்டு வரியைச் சார்ஜெண்ட் தன்னையறியாமல் எடுத்துக்கொடுக்கும் இடம்தான் நாடகத்தின் உயிர். அவனும் ஒரு காலத்தில் அந்தப் பாட்டைப் பாடியவன். தமிழில் ஆடும்போது அயர்லாந்துப் பாட்டை மொழிபெயர்த்துப் பாடினால் ஒன்றும் நடக்காது. அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவில் இருக்கும் தாலாட்டையோ கூலிப்பாட்டையோ அங்கே வைக்க வேண்டும். யாங்கோன் ஆற்றுத்துறையில் மூட்டை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே பார்க்கப் போகிறார்கள்.

செகாவின் 'கரடி' (1888) உலகமெங்கும் அமெச்சூர் குழுக்கள் ஆடித் தேய்த்த சிறு நகைச்சுவை. துக்கம் காக்கும் விதவை, கடன் வசூலிக்க வந்து நகர மறுக்கும் நிலக்கிழான், வயதான வேலைக்காரன் என மூவர். பர்மாவுக்கு மாற்றி எழுதினால் இது வேறு பொருள் கொள்ளும். கிட்டங்கியிலிருந்து வசூலுக்கு வந்த செட்டியார் கடை மேலாள், நெல்வயல்காரர் வீட்டு விதவை. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் நெல் நிலத்தில் சுமார் 6 சதவிகிதம் செட்டியார்கள் கையில் இருந்தது. விலைவீழ்ச்சிக்குப் பிறகு 1938இல் அது 25 சதவிகிதம் ஆயிற்று. பர்மியர் மனதில் தமிழர் மீது எழுந்த கசப்புக்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கசப்பை மறைத்துவிட்டு இதை வெறும் சிரிப்பாக ஆடலாம், ஆனால் ஆடக் கூடாது என்பது என் கட்சி. விதவையைப் பர்மியப் பெண்ணாக்கினால் மேலாளின் அரைகுறைப் பர்மியமே பாதி நகைச்சுவையைப் பார்த்துக்கொள்ளும். கடைசி முத்தம் கோயில் மண்டபத்துக்கு ஆகாது. அவள் கைத்துப்பாக்கியைக் கீழே வைப்பதோடு விளக்கை அணைத்துவிடலாம்.

நம் மொழியில் எழுதப்பட்டவற்றில் ந. முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்' எனக்குப் பிரியமானது. நாற்காலியில் கிடக்கும் ஒருவரைச் சுற்றிக் கோலியாட்டக் கட்சியும் சீட்டாட்டக் கட்சியும் ஓட்டுக்காக நடத்தும் கூத்து. வசனம் சிறு சிறு துண்டுகளாக வருவதால் எழுத்து தெரியாதவருக்கும் எளிதில் பிடிபடும். ஆனால் 2020 தேர்தல் முடிவு 2021 பிப்ரவரியில் ரத்தான நாட்டில் ஓட்டைப் பற்றிய நாடகம் விளையாட்டல்ல. அந்த மாதமே யாங்கோனில் ஐந்து பேர் கூடத் தடையும் இரவு ஊரடங்கும் வந்தன. பகிரங்க மேடை இல்லாத காலத்தில் வீட்டுக்கூடத்தில் நான்கு பேர் வாசிக்கும் வாசிப்பு நாடகமே போதும். பிரபஞ்சனின் 'முட்டை', அம்பையின் 'பயங்கள்', ஜெயந்தனின் 'கணக்கன்' ஆகியவையும் படிக்கத் தக்கவை. சிறுவர்களுக்கு மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு'.

குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'எந்தையும் தாயும்' மற்றவற்றைவிடச் சற்று நீளம். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, யாழ்ப்பாணத்தில் தனித்துவிட்ட முதியவர்களின் நாடகம். யாழ்ப்பாணப் பேச்சு யாங்கோன் காதுக்குப் புதிது. அதை மாற்றாமல் ஆடுவதே நல்லது. 1964இல் ஒரே குடும்பத்தில் பாதி சென்னைக்குக் கப்பலேறி, பாதி அங்கேயே தங்கிய கதைகள் அங்கே ஏராளம். மொழி புதிதானாலும் சங்கதி புரியும். 'சாகி' என்ற பெயரில் எழுதிய எச்.எச். மன்றோ பர்மாவின் அக்யாபில் 1870இல் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அவருடைய 'மரணப் பொறி'யையும் பட்டியலில் சேர்க்க ஆசைதான். ராணுவ உடுப்புச் செலவை நினைத்து விட்டுவிடுகிறேன்.

சபா நகைச்சுவை நாடகங்களை நான் சேர்க்கவில்லை. மயிலாப்பூர்ப் பேச்சும் அந்தந்த வருடத்து அரசியலும் தெரியாதவருக்கு அவற்றின் சிரிப்பில் பாதி கழன்றுவிடும்.

கடைசியாக அந்த மண்ணின் நாடகம் ஒன்று. மாண்டலே அரசவைக் கவிஞர் ஊ பொன்ஞா எழுதிய 'தண்ணீர் விற்பவன்'. 1866 கலகத்தோடு தொடர்புடையவர் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டவர் அவர். கதை கங்கமாலா ஜாதகத்திலிருந்து வந்தது. நகரின் வடக்கு மதில் செங்கல்லுக்குள் ஒளித்துவைத்த அரைக் காசை எடுக்க, திருவிழா நாளின் உச்சிவெயிலில் பாடிக்கொண்டே நடக்கிறான் ஓர் ஏழை. அரசன் கூப்பிட்டு, வெயிலில் போகாதே, அந்த அரைக் காசை நான் தருகிறேன் என்கிறான். அதையும் வாங்கிக்கொள்கிறேன், அதையும் போய் எடுத்துக்கொள்கிறேன் என்கிறான் இவன். பேரம் ஏறி ஏறிப் பாதி ராஜ்யத்தில் வந்து நிற்கிறது. அப்போதும் அவன் கேட்பது வடக்குப் பாதியை, அரைக் காசு அங்கேதான் இருக்கிறது! பிறகு ஒருநாள் தன் மடியில் தூங்கும் அரசனைக் கொன்று முழு ராஜ்யத்தையும் எடுத்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் எழ, அதைக் கண்டு அஞ்சி எல்லாவற்றையும் துறக்கிறான். மாங் டின் ஆங் 1937இல் வெளியிட்ட பர்மிய நாடகம் பற்றிய ஆங்கில நூலில் இதன் மொழிபெயர்ப்பு உள்ளது. பேரக் காட்சியை நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் பாணியில் தமிழிலும் பர்மியத்திலும் மாறி மாறிப் பேசவிடலாம்: அரசனுக்குப் பர்மியம், தண்ணீர்க்காரனுக்குத் தமிழ். நான்கு நடிகர்கள், ஒரு மண்குடம், ஒரு செங்கல், நாற்பது நிமிடம். பர்மிய நண்பர்களையும் பார்க்க அழைக்கலாம்.